கரீபியன் க்ரூஸ் போகலாமான்னு யோசிக்கறவங்களுக்கு: எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

நாங்க டல்லாஸ் பக்கம் இருக்கோம். இதுவரைக்கும் அஞ்சு தடவை கரீபியன் க்ரூஸ் போயிட்டு வந்தாச்சு, மூணு தடவை டெக்சாஸ்லயே இருக்கற கால்வெஸ்டன் துறைமுகத்துல இருந்து, ஒரு தடவை மயாமி, ஒரு தடவை புவேர்ட்டோ ரிக்கோவோட சான் ஹுவான். அதுல ரெண்டு தடவை ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போனோம். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் போன்லயும் கோயில்லயும் பர்த்டே பார்ட்டியிலயும் அதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டிருக்கேன். அவசரமா இருக்கறவங்க விசா பத்தின ரெண்டு கேள்வியை மட்டுமாவது படிச்சுட்டு டிக்கெட் போடுங்க.

"க்ரூஸ்னா ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு கப்பல்ல போறதா?"

இல்லைங்க. எந்தத் துறைமுகத்துல ஏறறோமோ பெரும்பாலும் அங்கேயே திரும்ப வந்து இறங்கறதுதான். நடுவுல மூணு இல்ல நாலு ஊர்ல கப்பல் நிக்கும், காலையில இறங்கி சுத்திட்டு சாயங்காலத்துக்குள்ள ஏறிடணும், ராத்திரி நீங்க தூங்கறப்ப கப்பல் அடுத்த ஊருக்குப் போயிடும். பெட்டியை ஒரே ஒரு தடவை பிரிச்சு அலமாரில அடுக்கிட்டா போதும், வயசானவங்களை கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஊர் எதுலயும் நிக்காம கடல்லயே போற நாளும் ரெண்டு மூணு வரும், அதை ஸீ டேன்னு சொல்வாங்க.

"ஈஸ்டர்ன், வெஸ்டர்ன், சதர்ன்னு போட்டிருக்கு, எதை எடுக்கறது?"

வெஸ்டர்ன்னா பொதுவா மெக்சிகோவோட கோசுமேல், கோஸ்டா மாயா, ஹோண்டுராஸ்ல ரோவட்டான், பெலீஸ், கிராண்ட் கேமன், ஜமைக்கா. கால்வெஸ்டன்ல இருந்து கிளம்பற கப்பல் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் போகும். ஈஸ்டர்ன்னா சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், இது மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனவெரல்ல இருந்து நிறைய இருக்கு. சதர்ன்னா அரூபா, குராசாவ், பார்படோஸ், மார்ட்டினிக்னு தெக்க இறங்கிப் போறது, சான் ஹுவான்ல இருந்து ஏறினா ஏழு நாள்ல கிட்டத்தட்ட தினம் ஒரு தீவு பாக்கலாம், ஆனா அதுவரைக்கும் ஃப்ளைட்டு போகணும்.

முதல் தடவைன்னா வெஸ்டர்ன் போங்க. தண்ணி விளையாட்டும் இருக்கு, மாயன்ங்கற பழைய நாகரிகத்தோட இடிபாடும் இருக்கு, டெக்சாஸ்காரங்களுக்கு கார்லயே துறைமுகம் போயிடலாம்.

"எந்த மாசம் நல்லது? புயல்ல மாட்டிக்க மாட்டோமா?"

ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் ஹரிக்கேன் சீசன், அதுல ஆகஸ்ட் நடுவுல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் உச்சம். ஆனா கப்பல் புயலுக்குள்ள போகாது, சுத்திக்கிட்டு வேற பக்கம் போயிடும். உங்களுக்கு நடக்கறது என்னன்னா ஈஸ்டர்ன்னு போட்ட டிக்கெட்டு வெஸ்டர்னா மாறலாம், இல்ல ஒரு ஊர் கேன்சல் ஆகலாம், அப்படி ஆனா துறைமுக வரியை மட்டும் திருப்பித் தருவாங்க, டிக்கெட் காசு வராது. "எந்த ஊரா இருந்தாலும் சரி"ன்னு நினைக்கறவங்க செப்டம்பர்ல மலிவா போயிட்டு வரலாம். குறிப்பிட்ட ஊரை பாத்தே ஆகணும்னா பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் பாருங்க. ஸ்பிரிங் பிரேக், கிறிஸ்மஸ், தேங்க்ஸ்கிவிங் வாரங்கள்ல விலை ஏறிடும்.

"வெப்சைட்ல போட்டிருக்கற விலை மட்டும்தானா, உள்ள போனா உருவிடுவாங்களா?"

ரூம், சாப்பாடு, நீச்சல் குளம், பெரும்பாலான ஷோ எல்லாம் டிக்கெட்லயே அடக்கம். விலைன்னு போடறது ஒரு ரூம்ல ரெண்டு பேர் இருக்கற கணக்குல ஒரு ஆளுக்கு. வரியும் துறைமுகக் கட்டணமும் அதுல சேர்ந்திருக்கான்னு பணம் கட்டற பக்கத்துல பாத்துக்கோங்க. அதுக்கு மேல டிப்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 16ல இருந்து 20 டாலர், இது குழந்தைக்கும் உண்டு. நாலு பேர் ஏழு நாள்னா இதுவே 500 டாலர் பக்கம் வந்துடும், பலபேர் மறந்துட்டு கடைசி நாள் பில்லை பாத்து திடுக்கிடறது இங்கதான்.

அப்பறம் இன்டர்நெட், கூல்டிரிங்க்ஸ், மது, ஊர்ல எடுக்கற டூர், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஃபோட்டோ எல்லாம் தனி. கப்பல்ல காசு கையில வாங்க மாட்டாங்க, ரூம் சாவி கார்டுதான் எல்லாத்துக்கும், அதனால செலவு பண்றதே தெரியாது. தினம் ராத்திரி கப்பல் கம்பெனியோட ஆப்ல கணக்கு பாக்கற பழக்கம் வச்சுக்கோங்க, தப்பா ஏறியிருந்தா மறுநாளே கெஸ்ட் சர்வீஸ்ல சொன்னா சரி பண்ணிடுவாங்க.

"அக்கா, ஜன்னல் இல்லாத ரூம் எடுத்தா மூச்சு முட்டுமா?"

மூச்சு எல்லாம் முட்டாது, ஏசி நல்லா வரும், ஆனா விளக்கை அணைச்சா கும்மிருட்டு, மணி என்னன்னே தெரியாது. 150ல இருந்து 180 சதுர அடிதான் இருக்கும். நாங்க ரெண்டு பேர் மட்டும் போனப்ப உள் ரூம்தான் எடுத்தோம், தூங்கறதுக்கு மட்டும்தானே போறோம்னு. அப்பா அம்மா வந்தப்ப அவங்களுக்கு பால்கனி எடுத்துக் கொடுத்தோம். அப்பா காலையில அஞ்சரைக்கே எழுந்து பால்கனியில நாற்காலியைப் போட்டு உக்காந்து கடலையே பாத்துக்கிட்டு இருப்பார், ஏழு நாள்ல அவர் ரொம்ப சந்தோஷமா இருந்த நேரம் அதுதான். காசு ஒரு இடத்துல கொஞ்சம் கூட போடலாம்னா பெரியவங்க பால்கனிக்குப் போடுங்க.

"கப்பல் ஆடுமா? எனக்கு கார்ல போனாலே வாந்தி வரும்"

பெரிய கப்பல்ல பல நேரம் ஓடறதே தெரியாது, அலையைத் தாங்க ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கு. காத்து அடிக்கற ராத்திரி மட்டும் லேசா தொட்டில் ஆட்டற மாதிரி இருக்கும். ரூம் எடுக்கறப்பவே கப்பலோட நடுப் பகுதியில கீழ் மாடியா எடுங்க, முன்னாடியும் உச்சி மாடியும்தான் அதிகமா ஆடும்.

மாத்திரையை வாந்தி வந்தப்பறம் போட்டா பிரயோஜனம் கம்மி, முன்னாடியே போடணும். மெக்லிசின் மாத்திரை மருந்துக்கடையிலயே கிடைக்கும், பிரஷர் சுகர்னு வேற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுங்க. தலை சுத்தினா ரூம்ல போய் படுக்காம வெளி மாடிக்கு வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாத்துக்கிட்டு நில்லுங்க. இஞ்சி மிட்டாயும் பச்சை ஆப்பிளும் நல்லா கேக்கும்.

"நாங்க சுத்த சைவம், ஏழு நாளும் பிரெட்டும் பழமும்தானா?"

இதுதான் நான் அதிகமா வாங்கற கேள்வி. பயப்படாதீங்க. டிக்கெட் போடறப்பவே வெஜிடேரியன், முட்டை கிடையாதுன்னு பதிவு பண்ணுங்க. ஏறின முதல் நாளே மெயின் டைனிங் ரூம் ஹெட் வெயிட்டரைப் பாத்து பேசுங்க, ராத்திரி சாப்பாடு முடியறப்ப நாளைக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதிக்குவாங்க. சமையல்கட்டுலயும் பரிமாறற இடத்துலயும் இந்தியாக்காரங்க நிறைய பேர் வேலை பாக்கறாங்க, கோவா, மும்பை, கேரளான்னு. எங்களுக்கு மூணாவது நாள்ல இருந்து தால், ஆலு கோபி, சப்பாத்தின்னு தனியா வந்துச்சு. பஃபேலயும் தினம் ஒண்ணு ரெண்டு இந்திய ஐட்டம் இருக்கும்.

ஆனா அது வடக்கத்தி சாப்பாடு. இட்லி, ரசம் எதிர்பார்க்காதீங்க. வெள்ளை சோறும் பிளெய்ன் யோகர்ட்டும் எப்பவும் கிடைக்கும், அதுல உப்பு போட்டு பிசைஞ்சா அம்மாவுக்கு தயிர்சாதம் ரெடி. கடையில வாங்கின, சீல் பிரிக்காத ஊறுகாய், பருப்புப் பொடி, இன்ஸ்டன்ட் காபித் தூள் பாக்கெட் எடுத்துட்டுப் போலாம். வீட்ல பண்ண புளியோதரை, சப்பாத்தி எல்லாம் கூடாது. எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் கார்டு எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஸ்கேனிங்ல எடுத்து வச்சுக்குவாங்க, தீ விபத்து பயம்தான் காரணம். அப்பறம் ஊர்ல இறங்கறப்ப பஃபேல இருந்து பழம், சாண்ட்விச் எடுத்துட்டுப் போகக் கூடாது, பல தீவுல அபராதம் போடுவாங்க.

"கேக்க ஒரு மாதிரி இருக்கு, பாத்ரூம்ல மக் இருக்குமா?"

இருக்காது, ஹேண்ட் ஸ்பிரேயும் இருக்காது. பிளாஸ்டிக் மக் ஒண்ணோ கையில பிடிச்சு அமுக்கற டிராவல் பிடே பாட்டிலோ பெட்டியில வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டாய்லெட் விமானத்துல இருக்கற மாதிரி காத்தை இழுக்கற வகை, அவங்க வச்சிருக்கற பேப்பரைத் தவிர வைப்ஸ், நாப்கின் எதையும் உள்ள போடாதீங்க, அடைச்சா உங்க ரூம் மட்டும் இல்ல பக்கத்து ரூம்களும் சேர்ந்து மாட்டும். ஷவர் ரொம்ப சின்னது, அம்மாவுக்கு குளிக்கறப்ப பிடிச்சுக்க கம்பி எங்க இருக்குன்னு முதல்லயே காமிச்சுடுங்க.

"ஏறற நாள் என்னென்ன நடக்கும்? அன்னைக்கே ஃப்ளைட்டுல போய் ஏறிடலாமா?"

தயவு செஞ்சு அன்னைக்கு ஃப்ளைட்டு போடாதீங்க. கப்பல் பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணி வாக்குல கிளம்பும், செக்கின் அதுக்கு முன்னாடியே மூடிடும், ஃப்ளைட்டு லேட்டுன்னா கப்பல் நிக்காது, காசும் வராது. முந்தின நாளே போய் ஹோட்டல்ல தங்குங்க.

ஆப்ல முன்னாடியே செக்கின் பண்ணி நேரம் எடுத்துக்கணும். துறைமுக வாசல்ல போர்ட்டர் பெரிய பெட்டியை வாங்கிக்குவார், அது ரூமுக்கு வர சாயங்காலம் ஆகலாம், அதனால பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தைக்கு மாத்துத் துணி, நீச்சல் உடுப்பு எல்லாம் கைப்பையில இருக்கணும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில வச்சு போர்ட்டர்கிட்ட கொடுத்துட்டு கவுன்ட்டர்ல நின்னு அழுத ஒரு அம்மாவை நானே பாத்திருக்கேன்.

உள்ள போனதும் மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தா எங்க போய் கூடணும்னு பழக்கற ஒத்திகை. இது கட்டாயம். ஆப்ல வீடியோ பாத்துட்டு உங்களுக்குக் கொடுத்த இடத்துக்கு நேர்ல போய் கார்டைக் காமிக்கணும். 2012 ஜனவரியில இத்தாலி பக்கம் கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதிச் சாய்ஞ்சு 32 பேர் இறந்துபோனாங்க, அதுல அன்னைக்கு ஏறின பலபேருக்கு அதுவரைக்கும் டிரில்லே நடக்கல. அதுக்கு அப்பறம்தான் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி இல்ல கிளம்பின உடனே நடத்தணும்னு விதியை இறுக்கினாங்க. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டா நேரா அந்த இடத்துக்குப் போகணும்னு அப்பா அம்மாவுக்கு தமிழ்ல சொல்லிப் புரிய வைங்க, அந்த இடத்துக்குப் படிக்கட்டு வழியா ஒரு தடவை நடத்திக் கூட்டிட்டுப் போங்க.

"ஏழு நாள் கப்பலுக்குள்ளயே என்ன பண்றது, போர் அடிக்காதா?"

ஸீ டே எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள். பெரிய கப்பல்னா ஒரு சின்ன டவுன் மாதிரி. 2024 ஜனவரியில மயாமியில இருந்து ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் தி சீஸ்ல 20 மாடி, முழுசா நிரம்பினா 7,600 பயணிகள். எல்லா கப்பலும் அந்த அளவு கிடையாது, ஆனா நடுத்தர கப்பல்லயும் தியேட்டர், காமெடி ஷோ, லைவ் பேண்ட், டிரிவியா, டான்ஸ் கிளாஸ், மினி கோல்ஃப், வெளியில பெரிய ஸ்கிரீன்ல சினிமா எல்லாம் இருக்கும்.

என் அனுபவத்துல ஊர்ல இருந்து வந்த பெரியவங்களுக்கு காமெடி ஷோ ஒட்டாது, இங்கிலீஷ் வேகமா இருக்கும், ஜோக் எல்லாம் இங்கத்திய சமாச்சாரம். ராத்திரி லேட்டா நடக்கற காமெடி பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருந்தா குடும்பத்தோட போகவே வேண்டாம். பாஷை தேவைப்படாத ஷோவுக்குக் கூட்டிட்டுப் போங்க. ராயல் கரீபியனோட ஓயாசிஸ் வகை கப்பல்கள்ல பின்பக்கம் திறந்த வெளியில அக்வா தியேட்டர்னு ஒண்ணு இருக்கு. குளத்தோட தரையே மேல வரும், அது மேல ஆடுவாங்க, கொஞ்ச நேரத்துல தரை கீழ இறங்கி ஆழமாயிடும், பத்து மீட்டர் உயரத்துல இருந்து அதுக்குள்ள குதிப்பாங்க. அன்னைக்கு காத்து கொஞ்சம் இருந்துச்சு, மேல நின்ன பொண்ணு கைய ரெண்டையும் தூக்கிட்டு கப்பல் ஆடறது அடங்கற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னா, அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சவங்க அவ தண்ணிக்குள்ள போய் தலையை வெளிய நீட்டற வரைக்கும் விடல. ஐஸ் ஸ்கேட்டிங் ஷோவும் அப்படித்தான், வார்த்தையே வேண்டாம். இதுக்கெல்லாம் காசு இல்ல, ஆனா பெரிய கப்பல்ல ஆப்ல முன்பதிவு பண்ணணும், ஏறின உடனே பண்ணிடுங்க, இல்லன்னா வரிசையில நிக்க வேண்டியிருக்கும்.

ஒண்ணு ரெண்டு நாள் ஃபார்மல் நைட் இருக்கும். கோட்டு சூட்டுதான் போடணும்னு இல்ல. அம்மா காஞ்சிபுரம் பட்டு கட்டிட்டு வந்தாங்க, அப்பா பட்டு வேட்டி, எதிர்ல வந்த எத்தனையோ பேர் நின்னு பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆனா படிக்கட்டும் வழவழன்னு தரையும் இருக்கற இடம், பின் குத்தி கட்டச் சொல்லுங்க.

"நாங்க யாரும் குடிக்க மாட்டோம், டிரிங்க் பேக்கேஜ் எடுக்கணுமா?"

வேண்டாம். தண்ணி, டீ, சாதா காபி, லெமனேட் எல்லாம் இலவசம். ஒருத்தருக்கு மட்டும் மது பேக்கேஜ் வேணும்னாலும் பல கம்பெனியில அதே ரூம்ல இருக்கற பெரியவங்க எல்லாருக்கும் எடுத்தே ஆகணும்னு விதி இருக்கு, அதையும் பாத்துக்கோங்க.

"குழந்தைக்கு ஒண்ணரை வயசு, தங்கச்சி வேற அஞ்சு மாசம் கர்ப்பம், ரெண்டு பேரும் வரலாமா?"

கரீபியன் க்ரூஸ்ல பொதுவா ஆறு மாசம் முடிஞ்ச குழந்தையை ஏத்துவாங்க, கடல்லயே மூணு நாளோ அதுக்கு மேலயோ தொடர்ந்து போற நீள பயணம்னா ஒரு வயசு ஆகணும். ஆனா டயப்பர் போடற குழந்தையை பொது நீச்சல் குளத்துல விட மாட்டாங்க, சில கப்பல்ல மட்டும் குட்டிங்களுக்குன்னு தனி தண்ணி இடம் இருக்கு. இலவச கிட்ஸ் கிளப் பல கப்பல்ல மூணு வயசுல இருந்துதான், டாய்லெட் பழகியிருக்கணும்.

தங்கச்சி விஷயத்துல கணக்கு போட்டுப் பாருங்க. பயணத்தோட கடைசி நாள் வரைக்கும் 24 வாரம் ஆகியிருக்கக் கூடாது, கிளம்பற நாள் 23 வாரம்தானேன்னு நினைச்சுப் போனா துறைமுகத்துலயே நிறுத்திடுவாங்க. டாக்டர் லெட்டரும் கையில இருக்கணும்.

"போன் வேலை செய்யுமா?"

கப்பல் கிளம்பினதும் போனை ஏரோபிளேன் மோட்ல போடுங்க, அப்பா அம்மா போனையும் சேர்த்து. இல்லன்னா கப்பலோட செல் சிக்னலைப் பிடிச்சு ரோமிங் பில் எகிறிடும். வைஃபை பேக்கேஜ் ஏறறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்கினா மலிவு. இப்ப பல கப்பல்ல ஸ்டார்லிங்க்னு சாட்டிலைட் இன்டர்நெட் வந்துட்டதால வாட்ஸ்ஆப் வீடியோ கால் நல்லாவே வருது.

"ஒவ்வொரு ஊர்லயும் கப்பல்காரங்க டூர்தான் எடுக்கணுமா, நாமளே சுத்தலாமா?"

ஊரைப் பொறுத்து மாறும். சான் ஹுவான்ல எதுவும் எடுக்க வேண்டாம், கப்பல்ல இருந்து இறங்கி நடந்தாலே பழைய ஊர், நீலம் கலந்த கல் பாவின தெரு, நடந்து போனா எல் மோரோ கோட்டை. 1539ல கட்ட ஆரம்பிச்ச ஸ்பானிஷ் கோட்டை, எதிர்ல பெரிய புல்வெளி, குழந்தைங்க பட்டம் விட்டுக்கிட்டு இருப்பாங்க. செயின்ட் மார்ட்டின்லயும் பிலிப்ஸ்பர்க் கடற்கரை பக்கத்துலயே. அந்தத் தீவு பாதி டச்சு, பாதி பிரெஞ்சு, 1648ல இருந்து அப்படி. அங்க மாஹோ பீச்ல விமானம் தலைக்கு மேல உரசற மாதிரி இறங்கும், பையன் இருக்கற வீடுன்னா கட்டாயம் போங்க, ஆனா விமானம் கிளம்பறப்ப பின்னாடி வேலி பக்கம் மட்டும் நிக்காதீங்க, அந்தக் காத்துல தூக்கி வீசப்பட்டு அடிபட்டவங்க இருக்காங்க.

கிராண்ட் கேமன்ல ஸ்டிங்ரே சிட்டி, இதுக்கு படகு டூர்தான் வழி. முன்ன மீனவங்க அந்த மணல் திட்டுகிட்ட வந்து மீன் சுத்தம் பண்ணி கழிவைப் போட, அதைத் தின்னப் பழகி திருக்கை மீனுங்க அங்கேயே தங்கிடுச்சு. நடுக்கடல்ல இடுப்பளவு தண்ணியில நிக்கறோம், காலைச் சுத்தி முறம் அகலத்துக்கு வழுக்கிக்கிட்டுப் போகும், தொட்டா ஊற வச்ச காளான் மாதிரி வழவழன்னு இருக்கு. காலைத் தூக்கி வைக்காம மணல்லயே தேய்ச்சு தேய்ச்சு நடக்கணும், அப்பதான் மிதிபடாது, மிதிச்சாதான் வால் முள்ளால குத்தும். நீச்சல் தெரியாதவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுப்பாங்க, என் மாமியார் அறுபத்தி மூணு வயசுல இறங்கி நின்னாங்க. அந்த ஊர்ல சாப்பிடறப்ப மெனுல டாலர்னு போட்டிருந்தா எந்த டாலர்னு கேளுங்க, ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்கு சமம்.

ஜமைக்கால ஓச்சோ ரியோஸ் பக்கம் டன்ஸ் ரிவர் அருவி, கையைக் கோத்துக்கிட்டு பாறை மேல ஏறணும், தண்ணிக்குள்ள போடற ஷூ இல்லாம வழுக்கும், முட்டி வலி இருக்கறவங்களுக்கு ஆகாது.

"கோசுமேல்ல இறங்கி துலும் பாத்துட்டு வந்துடலாமா? லேட் ஆனா கப்பல் வெயிட் பண்ணும்ல?"

கோசுமேல் தீவு. மாயன் இடிபாடு இருக்கற துலும் எதிர்ல மெக்சிகோ நிலப்பகுதியில. ஃபெர்ரி முக்கால் மணி, அங்கிருந்து ரோட்ல ஒரு மணி நேரம், திரும்பி வரவும் அவ்வளவு. போகணும்னா கப்பல்காரங்க டூர்லயே போங்க, அது லேட் ஆனா கப்பல் காத்திருக்கும், இல்ல அவங்க செலவுல அடுத்த ஊருக்குக் கொண்டு வந்து சேர்ப்பாங்க. நீங்களா போய் லேட் ஆனா கப்பல் வெயிட் பண்ணாது, கண்ணு முன்னாடியே கிளம்பிடும். அடுத்த ஊர் வரைக்கும் ஃப்ளைட்டு, ஹோட்டல் எல்லாம் உங்க செலவு. மாயன் இடிபாடு பாத்தா போதும்னா கோசுமேல்லயே சான் ஹெர்வாசியோ இருக்கு, டாக்சி எடுத்துட்டுப் போயிட்டு நிம்மதியா வரலாம்.

பெரிய குழப்பம் கடிகாரத்துல வரும். கோசுமேல் வருஷம் முழுக்க ஒரே நேரம், மயாமி கோடையில ஒரு மணி நேரம் முன்னாடி போயிடும். மயாமியில இருந்து ஜூலையில போறீங்க, கப்பல் மயாமி நேரத்துலயே ஓடுதுன்னா, போன் கரைக்குப் போனதும் தானா மாறி நாலு மணி காமிக்கறப்ப கப்பல்ல அஞ்சு மணி ஆகியிருக்கும். சில கப்பல் நேரத்தை மாத்தும், சிலது மாத்தாது. அதனால சாதா கைக்கடிகாரம் ஒண்ணு கட்டிக்கிட்டு இறங்கறதுக்கு முன்னாடி கப்பல் நேரத்துக்கு வச்சுக்கோங்க, கடைசி நேரம்னு அவங்க போட்டதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க.

"அப்பாவுக்கு முட்டி வலி, சுகர் வேற, கூட்டிட்டுப் போலாமா?"

தாராளமா. ஏறறப்பவும் இறங்கறப்பவும் வீல்சேர் உதவி கேட்டா கொடுப்பாங்க, ஆனா ஏழு நாளும் வேணும்னா நீங்கதான் கொண்டு வரணும் இல்ல வாடகைக்கு எடுக்கணும். லிஃப்ட் பக்கத்துல ரூம் எடுங்க. டிக்கெட் போடறப்ப ஊர்ப் பட்டியல்ல டெண்டர்னு இருக்கான்னு பாருங்க, கிராண்ட் கேமன், பெலீஸ் எல்லாம் கப்பல் கரை வரைக்கும் போகாது, சின்ன படகுல மாறணும், அலை இருந்தா வீல்சேர்க்காரங்களை ஏத்த மாட்டாங்க.

கப்பல்ல டாக்டர் உண்டு, ஃபீஸ் அதிகம். நடுக்கடல்ல ஹெலிகாப்டர், தனி விமானம்னு வந்தா பல்லாயிரம் டாலர் ஆகும். ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் அமெரிக்காவுக்கு வெளிய செல்லுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, பலது செல்லாது. எமர்ஜென்சி எவாக்குவேஷன் இருக்கற டிராவல் இன்சூரன்ஸ் தனியா எடுங்க. இன்சுலினை கைப்பையில வைங்க, ரூம்ல இருக்கற ஃபிரிட்ஜ் சரியா கூலாகலன்னா மெடிக்கல் ஃபிரிட்ஜ் கேளுங்க.

"அப்பா அம்மா விசிட்டர் விசால வந்திருக்காங்க, க்ரூஸ் போயிட்டு திரும்ப உள்ள விடுவாங்களா?"

விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும், திரும்பி வர்ற நாள் வரைக்கும் செல்லுபடி ஆகணும். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுட்டு வர்றதால திரும்பி வர்றப்ப இமிக்ரேஷன் மறுபடி உண்டு. எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பத்துல அப்பாவோட விசா முடியற தேதியை யாரும் கவனிக்கல, டெர்மினல்ல பாத்துட்டு அவரை ஏத்தல, பேரக் குழந்தைங்க உள்ள போயாச்சு, அவர் மட்டும் வெளிய பெஞ்ச்ல. கடைசியில மகனும் இறங்கிட்டார், காசு மொத்தமும் போச்சு. அதைக் கேட்டதுல இருந்துதான் இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு தீவுக்கும் விதி தனித்தனி. அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோவுக்கு தனி விசா வேண்டாம். மத்த ஊருக்கெல்லாம் கப்பல் கம்பெனிக்கு பட்டியலோட மெயில் போட்டு பதில் வாங்கி பிரிண்ட் எடுத்து வைங்க. சான் ஹுவானும் செயின்ட் தாமஸும் அமெரிக்கப் பகுதிதான்.

ஐ-94 பத்தியும் கேப்பாங்க, அமெரிக்காவுல எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு உள்ள வர்றப்ப போடற பதிவு அது. பக்கத்துத் தீவுகளுக்கு 30 நாளுக்குள்ள போயிட்டு வந்தா பழைய தேதியே தொடரலாம், புதுசா ஆறு மாசம் கிடைக்கும்னு எண்ணிக்கிட்டுப் போகாதீங்க. முடிவு ஆபீசர் கையில. வந்ததும் அன்னைக்கே ஆன்லைன்ல ஐ-94 எடுத்து தேதியைப் பாருங்க.

"எனக்கு எச்1பி வேலை விசா, பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்டாம்ப் தேதி முடிஞ்சுபோச்சு, ஆனா ஐ-797 அப்ரூவல் பேப்பர் இருக்கு, போலாமா?"

கனடா, மெக்சிகோவுக்கு மட்டும் 30 நாளுக்குள்ள போயிட்டு வந்தா பழைய ஸ்டாம்ப்போட திரும்ப வர ஒரு வசதி இருக்கு, ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன். எச்1பிக்கு கரீபியன் தீவுகள் அதுல சேராது, எஃப் (படிக்க வர்றவங்க), ஜே (எக்ஸ்சேஞ்ச்ல வர்றவங்க) விசாக்காரங்களுக்குத்தான் பக்கத்துத் தீவுகளும் உண்டு. அதனால கோசுமேல் மட்டும் போற கப்பல்னா சட்டப்படி வழி இருக்கு, அதே கப்பல் கிராண்ட் கேமனும் போனா இல்ல. இதுல சிக்கல் என்னன்னா புயல் பத்தின பதில்ல சொன்ன மாதிரி வழி மாறி வேற தீவுக்குக் கப்பல் போனா உங்க கதி என்ன? செல்லுபடியான ஸ்டாம்ப் இல்லாம போகாதீங்கன்னுதான் நான் சொல்வேன். கிரீன் கார்டு ஃபைல் பண்ணி காத்திருக்கறவங்க வக்கீலைக் கேக்காம எங்கயும் கிளம்ப வேண்டாம்.

கிரீன் கார்டு இருக்கறவங்க கார்டோட சொந்த நாட்டு பாஸ்போர்ட்டும் எடுத்துக்கோங்க. அமெரிக்க சிட்டிசன், ஏறின துறைமுகத்துலயே திரும்ப இறங்கற க்ரூஸ்னா பர்த் சர்ட்டிஃபிகேட்டும் ஐடியும் போதும்னு விதி இருக்கு, ஆனா நடுவுல உடம்பு சரியில்லாம ஃப்ளைட்டுல வரணும்னா பாஸ்போர்ட் இல்லாம நிப்பீங்க, எடுத்துட்டே போங்க.

"மயாமியில ஏறி கீ வெஸ்ட்ல இறங்கிடலாமா? அங்கதான் ஃபிரெண்டு கல்யாணம்"

முடியாது, கீ வெஸ்ட்டும் ஃப்ளோரிடாலதான் இருக்கு. 1886ல போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டுக் கொடி கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்துல ஆளை ஏத்தி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துல இறக்கி விடக் கூடாதுன்னு சொல்லுது. பெரிய க்ரூஸ் கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா மாதிரி வெளிநாட்டுலதான் பதிவு பண்ணியிருக்கு. மீறி இறங்கினா கப்பலுக்கு விழற அபராதத்தை உங்க தலையில போடுவாங்க. ரெண்டு மூணு நாள் குட்டி க்ரூஸ் கூட பஹாமாஸ்ல தொட்டுட்டு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

"கரீபியன்ல நம்ம தமிழ் ஆளுங்க இருக்காங்கன்னு சொல்றாங்களே, கப்பல்ல போனா பாக்க முடியுமா?"

சதர்ன் ரூட்ல மார்ட்டினிக், குவாடலூப் போற கப்பல் எடுங்க, ரெண்டும் பிரெஞ்சு தீவு, மேல சொன்ன விசா விசாரணையை இதுக்கு இன்னும் கவனமா பண்ணுங்க. அடிமை முறையை ஒழிச்ச பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாம பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா நம்ம சனங்களை ஒப்பந்தக் கூலியா ஏத்திட்டுப் போனாங்க. ஒரேலின்னு ஒரு கப்பல், 1853 மே மாசம் மார்ட்டினிக்ல இறக்குச்சு, அதே கப்பல் 1854 டிசம்பர் 24ல குவாடலூப்ல. மாசக்கணக்கா கப்பலோட அடித்தட்டுல கிடந்து வந்தவங்க அவங்க, நாம பால்கனியில உக்காந்து அதே கடலைத்தான் பாக்கறோம், அன்னைக்கு காலையில அப்பா அதைச் சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசல.

குவாடலூப்ல காபெஸ்டேர்-பெல்-ஓன்னு ஒரு ஊர், அங்க ஷாஞ்சி கோயில், மாரியம்மன் கோயில். டாக்சிக்காரர்கிட்ட போக, வர, காத்திருக்கன்னு முன்னாடியே பேசிக்கோங்க. தமிழ் பேச்சு அங்க தலைமுறைகளுக்கு முன்னாடியே போயிடுச்சு, பிரெஞ்சும் கிரியோலும்தான். ஆனா மாரியம்மன் இருக்கா, மெட்ராஸ்னு பேர் வச்ச கட்டம் போட்ட துணி இருக்கு, கொலம்போன்னு ஒரு குழம்பு ரெண்டு தீவுலயும் எல்லா வீட்லயும் இருக்கு.

மார்ட்டினிக்ல ஃபோர்ட்-டி-ஃப்ரான்ஸ் மார்க்கெட்ல அந்த மசாலாப் பொடியை குவிச்சு வச்சு விக்கறாங்க. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில தேய்ச்சு மோந்து பாத்துட்டு கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தாங்க, கடைக்கார அம்மா பிரெஞ்சுல தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. கால் கிலோ வாங்கிட்டு வந்தோம், காஞ்ச மசாலாப் பொடி அமெரிக்காவுக்குள்ள கொண்டு வரலாம், கஸ்டம்ஸ்ல சொல்லிடணும். டல்லாஸ் வந்த மறுநாள் அதுலயே கத்திரிக்காய் குழம்பு வச்சாங்க.